சாகா மருந்து கேட்டு வந்த தம்பி!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடைசி டோக்கன். உள்ளே வந்தவருக்கு 38 வயது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தவர், அப்படியே என்னையும் பார்க்க வந்திருந்தார். உட்கார்ந்ததும் தோள்பையைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து என் மேஜை மேல் அடுக்கினார். எண்ணினேன். மொத்தம் 11 டப்பா!

"உடம்புக்கு என்ன தம்பி?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை சார். நல்லாத்தான் இருக்கேன். எனக்கு 120 வயசு வரைக்கும் இருக்கணும். இதெல்லாம் வெளிநாட்டு மாத்திரை. இது கூட நம்ம காயகற்பமும் சேர்த்துக்கிட்டா நல்லதுன்னு தோணுச்சு. செஞ்சு தருவீங்களா?"

முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். மூட்டு வலி, மூலம், முடி உதிர்தல், குழந்தையின்மை என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். 'ஒண்ணும் இல்லை, ஆனா சாகக் கூடாது' என்று சொல்லி வந்தவர் இவர்தான் முதல் ஆள்!

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏன் தெரியுமா? இவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு சித்த வைத்தியனுக்கு அருகதையே கிடையாது. நரை, திரை, மூப்பு, சாக்காடு நான்கையும் வெல்ல வேண்டும் என்று காலம் காலமாகத் தேடியவர்கள் எங்கள் சித்தர்கள்தானே! கல்லூரியில் குணபாடம் படித்தபோது நானும் கற்ப மூலிகைகளின் பட்டியலை ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தவன்தான்.

அந்தத் தம்பி அனுமதி கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன். அவர் கேட்டது அவருடைய தனிப்பட்ட ஆசை மட்டும் இல்லை. இன்றைக்கு உலகத்தில் பெரிய பணம், பெரிய மூளை எல்லாம் அந்த ஆசைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் செல்போனுக்குள்ளும் அது வந்துவிட்டது. அதனால் நாம் உட்கார்ந்து நிதானமாகப் பேசிவிடுவது நல்லது.

இந்த ஆசைக்கு ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்ஹ்யூமனிசம்' என்று பெயர். விஞ்ஞானத்தின் துணையோடு மனிதன் தன் உடம்பின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டும் என்கிற கொள்கை. 1957-ல் இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, சொல்லைப் பலரிடம் கொண்டு சேர்த்தவர் ஜூலியன் ஹக்ஸ்லி என்கிற ஆங்கிலேய உயிரியல் அறிஞர். யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர். வேடிக்கை என்னவென்றால், இவருடைய சொந்தத் தம்பி ஆல்டஸ் ஹக்ஸ்லி, மனிதர்களை ஆய்வுக்கூடத்தில் தரம் பிரித்துத் தயாரித்தால் உலகம் எப்படி நாறிப் போகும் என்று 1932-லேயே ஒரு நாவல் எழுதிவிட்டார். அண்ணன் கண்ட கனவு, தம்பிக்குக் கெட்ட கனவு!

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். பிரையன் ஜான்சன் என்று ஒரு கோடீஸ்வரர். தன் கம்பெனியை 2013-ல் 80 கோடி டாலருக்கு விற்றவர். 'சாகாதே' என்பதுதான் அவருடைய கோஷம். வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் உடம்புக்கே செலவழிப்பதாகச் சொன்னவர். 2023-ல் தன் 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். கடைசியில், 'பலன் எதுவும் தெரியவில்லை' என்று அவரே சொல்லி நிறுத்திவிட்டார். முதுமையைத் தள்ளிப் போடும் என்று நம்பி, ரபாமைசின் என்கிற மாத்திரையை ஏறக்குறைய ஐந்து வருஷம் சாப்பிட்டார். பக்க விளைவுகள் தாங்காமல் 2024-ல் அதையும் விட்டார்.

இந்த மனிதரைக் கேலி செய்யத் தோன்றுகிறது, இல்லையா? செய்யுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நான் அவருக்குக் கும்பிடு போடுவேன். பலிக்காததைப் பலிக்கவில்லை என்று ஊரறியச் சொன்னார் பாருங்கள்... அந்த நேர்மை, காயகற்ப லேகியம் என்று டப்பா டப்பாவாக விற்கிற எத்தனை பேரிடம் இருக்கிறது?

செத்த பிறகும் ஆசை விடாதவர்கள் உண்டு. 1967 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்கிற உளவியல் பேராசிரியர் புற்றுநோயில் இறந்தார். என்றைக்காவது ஒருநாள் விஞ்ஞானம் எழுப்பிவிடும் என்ற நம்பிக்கையில் அவர் உடலை உறைய வைத்தார்கள். இன்றும் அரிசோனாவில் திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இருக்கிறார். அங்கே ஒரு முழு உடலை வைக்க 2 லட்சம் டாலருக்கு மேல் கட்டணம்! எழுப்பத்தான் இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை.

பழைய கதையும் இப்படித்தான். சீனாவை முதன்முதலில் ஒரே குடையின் கீழ் ஆண்ட சக்கரவர்த்தி சாகா மருந்து தேடி ஆள் அனுப்பினார். கி.மு. 210-ல் அவர் இறந்தது பாதரசம் கலந்த மருந்தால்தான் என்று ஒரு வழக்கு உண்டு. பாதரசம் எங்கள் வைத்தியத்திலும் இருக்கிறது. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். அது சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுக்கும் நஞ்சு. 'சாமியார் கொடுத்த பஸ்பம்' என்று தெரியாத ஆளிடம் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

அப்படியானால் விஞ்ஞானமே வேண்டாம், இயற்கையோடு போவோம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. ஒருநாள் பூஜை அறை வாசலில் மயங்கி விழுந்தார். நாடி பிடித்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 36 துடிப்புதான்! இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதையில் தடை. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று இதய டாக்டர் சொன்னார். எனக்குத் தன்மானம் தடுத்தது. ஊருக்கெல்லாம் கஷாயம் கொடுக்கிற வைத்தியர் வீட்டிலேயே இயந்திரமா? 'ரெண்டு வாரம் பார்க்கலாம்' என்று என் மருந்தைக் கொடுத்தேன். பத்தாவது நாள் அம்மா மறுபடி விழுந்தார். இந்தத் தடவை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்து, "ஏய்யா, உனக்கு அந்த மிஷின் மேல என்ன கோவம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. தப்பு என்னுடையது.

மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தோம். அதற்குப் பிறகு அம்மா 11 வருஷம் இருந்தார். பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். கொள்ளுப்பேரனுக்கு வசம்பு சுட்டு நாக்கில் தடவப் போனவரை, 'அதெல்லாம் இப்ப வேண்டாம்மா' என்று நான்தான் தடுத்தேன்!

அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1958 அக்டோபரில், ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி அவர் 86 வயது வரை வாழ்ந்து, 2001-ல் இறந்தார். கருவியைச் செய்த பொறியாளரும், அதை வைத்த டாக்டரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! இயந்திரமும் மனிதனும் ஒட்டிப் பிழைத்த கதை இது. டிரான்ஸ்ஹ்யூமனிசம் பேசுகிறவர்கள் கனவு காண்பதில் ஒரு துண்டு, நம் வீட்டுக் கூடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை.

சரி, கோடு எங்கே போடுவது? 'கெட்டுப்போனதைச் சரி செய்தால் வைத்தியம், நன்றாக இருப்பதை மேலே ஏற்றினால் பேராசை'... இப்படித்தான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கோடு நிற்கவில்லை. தடுப்பூசியை யாருக்குப் போடுகிறோம்? நோயே இல்லாத, கொழுகொழு குழந்தைக்கு! இயற்கை கொடுக்காத ஒரு கவசத்தை அதன் உடம்பில் நாம்தான் மாட்டிவிடுகிறோம். அதனால்தான் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க முடிந்தது. சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்றைக்கு 70-ஐ ஒட்டி இருக்கிறது. இரண்டு மடங்குக்கு மேல்! எந்தச் சித்தரும் எந்தக் கோடீஸ்வரரும் செய்யாத இந்தக் காயகற்பத்தைச் செய்தது தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், ஆன்டிபயாடிக், பாதுகாப்பான பிரசவம், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். அதில் நிறைய குழந்தைகளைச் சாவிலிருந்து காப்பாற்றியதால்தான் சராசரி இவ்வளவு ஏறியது.

ஆக, உடம்பை மேம்படுத்துவது பாவம் இல்லை. ஒரே கருவியை எப்படியும் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு உதாரணம் பாருங்கள். மரபணுவை வெட்டி ஒட்டும் 'கிரிஸ்பர்' கத்தரி. அதைக் கண்டுபிடித்த இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் சீனாவில் ஒரு விஞ்ஞானி இதே கத்தரியைக் கருவில் வைத்தார். எய்ட்ஸ் கிருமி தொற்றாத குழந்தைகள் பிறக்க வேண்டுமாம். அந்தக் கருவுக்கு நோய் எதுவும் இல்லை. தகப்பனிடமிருந்து தொற்றாமல் தடுக்க வேறு வழியும் இருந்தது. இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அவருக்கு மூன்று வருஷம் சிறை. அந்தக் குழந்தைகளின் உடம்பில் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.

அதே கத்தரியை வைத்துத்தான், 2023 நவம்பரில், அரிவாள் செல் ரத்தசோகைக்கு ஒரு சிகிச்சையைப் பிரிட்டன் அனுமதித்தது. இந்த நோய் நமக்கு அந்நியமானது இல்லை. இந்தியாவில் இந்த ரத்தக் கோளாறை முதலில் கண்டு 1952-ல் எழுதியதே நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். வலி வந்தால் துடித்துப்போய்விடுவார்கள். அந்த வலிக்கு வந்த மருந்து இது. ஆனால் அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். கூடலூர் மலையில் இருக்கிற ஒரு குழந்தைக்கு இது எப்போது வந்து சேரும்?

அதனால் நான் கோட்டை விட்டுவிட்டு ஒரு கதையைப் பிடித்துக்கொண்டேன். பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதை. கயிலாயத்திலிருந்து ஒரு யோகி, அகத்தியரைப் பார்க்கப் பொதிகை மலைக்குப் புறப்பட்டு வருகிறார். திருவாவடுதுறைப் பக்கம் வரும்போது, மூலன் என்கிற மாடு மேய்ப்பவன் செத்துக் கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து கதறுகின்றன. யோகிக்கு மனம் தாங்கவில்லை. தன் உடம்பை ஒரு பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, மூலன் உடம்புக்குள் புகுந்து எழுந்தார். மாடுகளுக்குச் சந்தோஷம். மேய்த்து, தண்ணீர் காட்டி, வீடு சேர்த்தார். திரும்பி வந்து பார்த்தால், தன் சொந்த உடம்பைக் காணவில்லை! மூலனாகவே இருந்துவிட்டார். அந்த உடம்பில்தான் 3000 வருஷம் இருந்தார் என்பது ஐதீகம்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மூளையில் இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, உடம்பில்லாமல் வாழலாம் என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, அது இந்தக் கூடு விட்டுக் கூடு பாயும் ஆசைதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த யோகி தான் சாகக் கூடாது என்பதற்காக இன்னொரு உடம்பைப் பிடிக்கவில்லை. மாடு அழுதது. அதற்காகப் போனார். போனதில் தன் உடம்பையே இழந்தார்!

எனவே, புதுசாக ஒரு மாத்திரை, ஒரு சில்லு, ஒரு ஊசி என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: 'அழுகிற மாடு எங்கே?' கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒரு இளைஞருக்கு 2024 ஜனவரியில் அமெரிக்காவில் மூளைக்குள் சில்லு வைத்தார்கள். கை அசையாமல், நினைப்பாலேயே கம்ப்யூட்டரில் செஸ் விளையாடினார். அங்கே மாடு தெரிகிறது. நமது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு 'காக்ளியர் இம்ப்ளான்ட்' வைக்கிறார்கள். அங்கேயும் தெரிகிறது. நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளையை இன்னும் இரண்டு மார்க் வாங்க வைக்க மாத்திரை என்றால்... அங்கே அழுவது பிள்ளையா, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் புழுங்குகிற நாமா?

இரண்டாவது கேள்வி: 'பலிக்கவில்லை என்றால் யார் எனக்குச் சொல்வார்கள்?' சோதித்துப் பார்த்தார்களா, எத்தனை பேரிடம், எத்தனை வருஷம்? வாலிபர்களின் பிளாஸ்மாவை ஏற்றி வியாபாரம் செய்தவர்களைப் பற்றி, நிரூபிக்கப்பட்ட பலன் எதுவும் இல்லை, ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-லேயே எச்சரித்தது. எங்கள் சித்த மருந்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது: 'இது நம் தெருவுக்கு வருமா?' இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தும் கண் அழற்சி ஆகவில்லை என்பதைக் கவனித்து, 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். அது ரொம்ப நாள் பணக்கார நாட்டுச் சரக்காகவே இருந்தது. 1992-ல் மதுரையில் ஆரோலேப் அந்த லென்ஸைத் தயாரிக்க ஆரம்பித்தது. விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது. இன்று கிராமத்துப் பாட்டி அந்த லென்ஸோடு அரிசியில் கல் பொறுக்குகிறார். அதுதான் எனக்குத் தெரிந்த நல்ல டிரான்ஸ்ஹ்யூமனிசம்!

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், 'மேலான மனிதன்' என்று பேசிய ஜூலியன் ஹக்ஸ்லி, பிரிட்டனின் இனமேம்பாட்டுச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர். மனிதனை உயர்த்தலாம் என்ற பேச்சு, எந்த மனிதன் உயர்ந்தவன் என்ற பேச்சாக மாற அதிக நேரம் பிடிக்காது. நம் நாட்டில் அந்தப் பேச்சு என்ன செய்யும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்?

சரி, தம்பியிடம் வருவோம்.

"120 வயசு எதுக்குத் தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. டப்பாக்களை வரிசை மாற்றி மாற்றி வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அப்பா 52 வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டார் சார். அப்ப நான் காலேஜ் ஃபர்ஸ்ட் இயர். என் பொண்ணுக்கு இப்ப 6 வயசு..."

அவ்வளவுதான் விஷயம். இவருக்கு 120 வேண்டாம். இன்னும் ஒரு முப்பது வருஷம் வேண்டும். மாடு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கடைசியா பிரஷர் எப்ப பார்த்தீங்க?"

பார்த்ததே இல்லையாம்! 11 டப்பா வாங்கியவர், ஒரு பிரஷர் பார்க்கவில்லை. பார்த்தேன். 150-க்கு 100. டப்பாக்களை எல்லாம் பையில் போடச் சொன்னேன். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேட்டேன். ஒன்றரை மணி! காயகற்பம் கொடுக்கவில்லை. ஒரு இதய டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். 'குடும்பத்தில் சின்ன வயசு மாரடைப்பு' என்று மறக்காமல் சொல்லச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து போன். "சார், கொழுப்பு ரொம்ப அதிகமாம். பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை கொடுத்திருக்கார். தினமும் சாப்பிடணுமாம். நீங்க சித்த டாக்டர்... சாப்பிடலாமா?"

"தாராளமா சாப்பிடுங்க தம்பி. உங்க காயகற்பம் அதுதான்!"

கற்பம் சாப்பிடுகிறவனுக்குக் கடுமையான பத்தியம் சொல்லியிருக்கிறார்கள் எங்கள் முன்னோர். உணவு, உறக்கம், ஆசை எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. மருந்தை மட்டும் மாத்திரையாக்கி விற்கிறவர்கள், பத்தியத்தை விற்பதில்லை. விற்கவும் முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்: நேரத்துக்குத் தூக்கம், தினமும் நடை, புகையிலை வேண்டவே வேண்டாம், உப்பும் எண்ணெயும் அளவோடு, முப்பது வயது தாண்டியவர்கள் பிரஷர், சர்க்கரை பரிசோதனை. சுவாரஸ்யமே இல்லை, தெரியும். ஆனால் பலிக்கிறது.

அம்மா 85 வயதில், ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போனார். தகனத்துக்கு முன்னால் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடித்துவிடும். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதை நினைவில் வையுங்கள். டாக்டர் வந்து எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பாட்டரி இன்னும் தீரவில்லை.

பெட்டி ஓடத் தயாராகத்தான் இருந்தது. அம்மா முடித்துக்கொண்டார். அந்தப் பெட்டி மேல் எனக்கு இப்போது கோபம் ஒன்றும் இல்லை.